எத்தனை வருஷம் என்று கேட்டது போதும். எத்தனை ஏக்கர் என்று கேட்போம்!

பெரிய மனிதர் ஒருவர் கோர்ட்டுக் கூண்டில் ஏறிவிட்டால் நம் நாட்டில் ஒரு திருவிழா ஆரம்பமாகிவிடுகிறது. உள்ளே போவாரா, வெளியே வருவாரா? இரண்டு வருஷமா, ஏழு வருஷமா? ஜாமீன் உண்டா, இல்லையா? தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கும் திண்ணை வரை இதே பேச்சு. ஜோசியன் ஒன்று சொல்கிறான். வக்கீல் குமாஸ்தா ஒன்று சொல்கிறான். பத்திரிகைகள் பத்துச் சொல்கின்றன. குதிரைப் பந்தயத்தில் கூட இத்தனை ஹேஷ்யம் நடப்பதில்லை.

இந்த ஆருடத் திருவிழாவின் உச்சக்கட்டத்தைத் தமிழ்நாடு ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் பார்த்தது. அந்த வழக்கு முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. இப்போது ஏன் அதைக் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அந்த வழக்கில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை நாம் கேட்கவே இல்லை. அது இன்றும் பதில் இல்லாமல் நிற்கிறது.

வழக்கு நடந்த விதம்

1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையில் வருமானத்துக்கு மேல் சுமார் 66 கோடி ரூபாய்ச் சொத்து சேர்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முதலமைச்சர் வேலைக்கு மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளமாக வாங்கினேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசப்பட்ட காலம் அது! 1996-ல் புறப்பட்ட வழக்கு தீர்ப்பைக் காண 2014 வரை நடந்தது. பதினெட்டு வருஷம்! அன்று பிறந்த பிள்ளை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டது.

ஏன் இத்தனை காலம்? குற்றம் சாட்டப்பட்டவரே மறுபடியும் ஆட்சிக்கு வந்தார். சாட்சி சொன்ன 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். இதைச் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொல்லி, 2003 நவம்பரில் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. அரசுத் தரப்பில் 259 சாட்சிகள், எதிர்த்தரப்பில் 99 சாட்சிகள். 2014 செப்டம்பர் 27-ம் தேதி தனி நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்பளித்தார். நான்கு பேரும் குற்றவாளிகள். வருமானத்துக்கு மேல் சேர்ந்தது 53 கோடியே 60 லட்சம். ஆளுக்கு நான்கு வருஷச் சிறை. ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதம், மற்ற மூவருக்கும் தலா 10 கோடி.

2015 மே 11-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் நால்வரையும் விடுதலை செய்தது. கூடுதல் சொத்து 2 கோடியே 82 லட்சம்தான், வருமானத்தில் 8.12 சதவீதம்தான், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. மறுநாளே வெட்ட வெளிச்சமாயிற்று விஷயம்! கணக்கில் காட்டிய பத்துக் கடன்களைக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சம்; தீர்ப்பில் இருந்ததோ 24 கோடியே 17 லட்சம். பதின்மூன்றரைக் கோடி ரூபாய்க்குக் கூட்டல் பிழை!

கமிஷன் மண்டிக் கணக்கப்பிள்ளை பதின்மூன்று ரூபாய் தப்பாகக் கூட்டினால் அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மில் கேட்டில் ஐந்து நிமிஷம் பிந்தினால் நமக்கு அரை நாள் கூலி வெட்டு. நமக்கு வெட்டும்போது பத்து சதவீதம் பொறுத்துக்கொள்ளலாம் என்று எந்த மானேஜராவது சொன்னதுண்டா?

2017 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்த விடுதலையை ரத்துச் செய்து, பெங்களூர் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதற்குள், 2016 டிசம்பர் 5-ல், ஜெயலலிதா காலமாகிவிட்டார். ஆகவே அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. சசிகலா, இளவரசி, சுதாகரன் மூவரும் சிறை சென்றார்கள். 2021-ல் தண்டனை முடிந்து வெளியே வந்தார்கள்.

ஆருடம் எதற்காக?

இத்தனைக்கும் நடுவில் ஜனங்களை எந்தக் கேள்வியில் கட்டிப்போட்டார்கள்? எத்தனை வருஷம் என்பது ஒன்றில்தான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு, தண்டனை பெற்ற சட்டசபை உறுப்பினர் அப்பீல் செய்துவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் தண்டனை என்றால் சிறைக்காலமும், அதன்பின் ஆறு வருஷமும் தேர்தலில் நிற்க முடியாது. நாலும் ஆறும் பத்து! நாற்காலி காலியாகுமா, யார் உட்காருவார் என்பதே மேலிடத்தாரின் கவலை. அந்தக் கவலையை நம் தலையிலும் ஏற்றிவிட்டார்கள். நாற்காலிக்காரர்களுக்கு அது வாழ்வுப் பிரச்னை. நாற்று நடுகிறவளுக்கு அதில் என்ன இருக்கிறது?

நமக்குக் கிடைத்தது நஷ்டம்தான். 2014 தீர்ப்பு நாளன்று தமிழ்நாடெங்கும் கடைகள் அடைபட்டன, பஸ்கள் நின்றன. அன்றாடங்காய்ச்சியின் கூலி போயிற்று. அதிர்ச்சியிலும் தற்கொலையிலும் மாண்டவர்களுக்குக் கட்சியே பட்டியல் போட்டு, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. அந்தப் பட்டியலில் மந்திரி வீட்டுப் பிள்ளை யாராவது உண்டா?

அதற்கு முன்னே, 2000 பிப்ரவரி 2-ம் தேதி, கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஒரு வருஷத் தண்டனை என்று செய்தி வந்தது. தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் கோவை விவசாயக் கல்லூரி மாணவிகள் வந்த பஸ்ஸைக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் கருகி மாண்டார்கள். பின்னால் அந்த வழக்கில் உயர்நீதிமன்றம் விடுதலை அளித்தது. கோர்ட்டுத் தீர்ப்பு மாறியது. அந்த மூன்று பெண்களுக்கு எழுதப்பட்ட தீர்ப்பு மாறவில்லை.

குற்றாலத்தில் நடந்த கூத்து

நம் ஊரும் இந்த ஆருடத்துக்குச் சத்திரமாக இருந்திருக்கிறது. 2017 செப்டம்பரில் சபாநாயகர் 18 சட்டசபை உறுப்பினர்களின் பதவியைப் பறித்தார். 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். மூன்றாவது நீதிபதி என்ன சொல்வார் என்று நாடே காத்திருந்த அக்டோபர் மாதத்தில், அந்த உறுப்பினர்கள் பழைய குற்றாலத்துச் சொகுசு விடுதிக்கு வந்து தங்கினார்கள். தாமிரபரணிப் புஷ்கரத்தில் நீராட வந்தோம் என்றார்கள். வாசலில் காமிராக்களும் கார்களும் வரிசை கட்டி நின்றன. அக்டோபர் 25-ல் தீர்ப்பு வந்தது: பறித்தது பறித்ததுதான்!

சாரல் காலம் முடிந்து, கடைக்காரன் வியாபாரமில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம். பிசான நடவுக்குத் தண்ணீர் எப்போது வருமென்று விவசாயி வானத்தைப் பார்த்த நேரம். ஓட்டப்பிடாரமும் விளாத்திகுளமும் உட்பட 18 தொகுதிகளின் ஜனங்கள் தங்களுக்காகச் சட்டசபையில் பேச ஆளில்லாமல் 2019 இடைத்தேர்தல் வரை கிடந்தார்கள். அதைப் பற்றி எத்தனை பத்திரிகைகள் ஆருடம் எழுதின? அறையில் என்ன பலகாரம் பரிமாறினார்கள் என்பது செய்தி. தொகுதியில் குடிதண்ணீர் இல்லை என்பது செய்தியல்ல!

ஏழைக்கு எந்த ஹேஷ்யமும் இல்லை

ஏழை கூண்டில் ஏறும்போது யாராவது ஹேஷ்யம் கூறுகிறார்களா? இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பங்கினர் தண்டனை பெறாதவர்கள், விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்ட வழியில்லாமல் கிடப்பவர்கள் அவர்களில் ஏராளம். ஜெயலலிதாவுக்கு இருபத்தொரு நாளில் சுப்ரீம் கோர்ட்டு ஜாமீன் கிடைத்தது. சட்டப்படி அது அவர் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. அதே வேகம் ஏழைக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

கீழவெண்மணியை மறக்க முடியுமா? 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் கருகின. பண்ணையாருக்கும் கூட்டாளிகளுக்கும் நாகப்பட்டினம் கோர்ட்டு பத்து வருஷம் கொடுத்தது. உயர்நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. காரும் நிலமும் வைத்திருக்கும் கண்ணியவான்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைப்பார்களா என்று சந்தேகப்பட்டது! 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நெல்லைக் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி; தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். ஒரு பச்சைக் குழந்தையும் அதில் அடக்கம். கமிஷன் போட்டார்கள். பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்று கமிஷன் எழுதியது. தண்ணீருக்குள் விரட்டியது யார் என்பதற்கு ஒருவருக்கும் ஒரு நாள் சிறை இல்லை.

மூன்று பேச்சுக்கு மூன்று பதில்

"பார்த்தீர்களா, சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம்" என்கிறார்கள் ஒரு சாரார். பதினெட்டு வருஷம் இழுத்து, வேறு மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு முறை மாற்றி எழுதிக் கிடைத்த சமத்துவம் அது. அந்த நீதிபதியின் துணிச்சலை மதிக்கிறோம். ஆனால் ஒரு வழக்கைக் காட்டி ஒட்டுமொத்த அமைப்புக்கும் நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தர முடியாது.

"ஏழைக்கு அரிசி கொடுத்தார், மலிவு இட்லி கொடுத்தார், அவரைப் போய்..." என்பது இரண்டாவது பேச்சு. இதைச் சொல்கிறவர் நம் பீடி சுற்றும் தாயாகவும் இருக்கிறார். அவரை நாம் ஏளனம் செய்யவில்லை. பசித்தவர் தின்ற சோற்றை மறப்பதில்லை. ஆனால் தாயே, அந்த அரிசி உன் வரிப்பணம். நீ வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் எடுத்த பணம். உன் பணத்தை உனக்குக் கொடுத்ததற்கு நன்றியாக, மீதிக் கணக்கைக் கேட்காமல் விடலாமா?

"எல்லாரும் திருடன்தான், எவன் வந்தால் என்ன" என்பது மூன்றாவது. மூன்றிலும் மோசமான பேச்சு இதுதான். எல்லாரும் திருடன் என்று சொல்லிவிட்டால் எந்தத் திருடனையும் கேட்க வேண்டியதில்லை. திருடனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பானா?

இப்போது கேட்க வேண்டியது

பெங்களூர் தீர்ப்பில் நான்கு வருஷம், 100 கோடி என்பவை தவிர இன்னொரு பகுதியும் உண்டு. ஆறு கம்பெனிகளின் பெயரில் இருந்த சொத்துக்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அந்த ஆறில் ஒன்று ரிவர்வே அக்ரோ கம்பெனி. அதன் பெயரில் வாங்கப்பட்ட நிலம் எங்கே? நம் பழைய நெல்லைச் சீமையில்! மீரான்குளம், சேரகுளம், வல்லகுளம் கிராமங்களில், ஆயிரம் ஏக்கருக்கு மேல்!

ஒரு குடும்பம் 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று 1970-ல் சட்டம் திருத்திய ராஜ்யம் இது. தென்காசி, கடையநல்லூர், சங்கரன்கோவில் வட்டாரத்தில் வரப்பு வெட்டுகிறவனுக்குச் செத்தால் புதைக்கச் சொந்தமாக ஆறடி இல்லை. ஒரு கம்பெனி ஆயிரம் ஏக்கர் வாங்குகிறது. வாங்கின காலத்தில் எந்தத் தாசில்தாரும் கேட்கவில்லை!

வாரிசுகள் அந்தச் சொத்து எங்களுக்கே என்று வழக்குப் போட்டார்கள். 2025 ஜனவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிப்ரவரியில் 27 கிலோ தங்க நகைகளும், ஆயிரத்து ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் பத்திரங்களும் பெங்களூர் கோர்ட்டிலிருந்து தமிழ்நாடு சர்க்கார் கைக்கு வந்தன. நகை எத்தனை பெட்டி, ஒட்டியாணம் எத்தனை பவுன் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நிலத்துக்கோ ஒரு வரி!

ஆகவே நாம் கேட்கிறோம்.

அந்த நிலங்களின் கிராமம், சர்வே எண், பரப்பளவு எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒவ்வொரு ஊர்ச் சாவடியிலும் சர்க்கார் ஒட்ட வேண்டும். ஏலம் என்ற பேச்சு கூடாது. ஏலத்துக்கு விட்டால் எடுக்கப்போகிறவன் யார்? களையெடுக்கும் கருப்பாயியா? இன்னொரு கம்பெனி வரும். இருபது வருஷம் கழித்து இன்னொரு வழக்கு வரும். மறுபடியும் டீக்கடையில் உட்கார்ந்து எத்தனை வருஷம் என்று ஆருடம் பார்க்கலாம்! உழுகிற நிலமானால் நிலமற்ற விவசாயத் தொழிலாளருக்குப் பட்டா கொடு. வீட்டுக்கு ஆகிற இடமானால் மனைப்பட்டா கொடு. நகையை விற்கும் பணத்துக்கு ஜனங்கள் முன்னால் கணக்குக் காட்டு.

தோழர்களே! நாளை இன்னொரு பெரிய மனிதர் கூண்டில் ஏறுவார். எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். மறுபடியும் மேளம் கொட்டும், ஜோசியன் வருவான், பந்தயம் கட்டுவார்கள். அப்போது மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் நம் ஆட்கள் எழுந்து ஒரே கேள்வி கேட்க வேண்டும்: எடுத்தது எவ்வளவு, அது யாருடையது, திரும்பி எங்கே வருகிறது? சிறையில் எத்தனை வருஷம் என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். நிலத்தில் எத்தனை ஏக்கர் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!