பெயர் தெரியாத வயர்



இந்த மாதம் கார் பற்றரியைப் பற்றிப் பேசப் போகிறோம். 'இது ஆண்கள் விஷயம்' என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நான் சொல்லப்போகும் வயர் ஓடியது பின்சீட்டுக்குக் கீழே. அந்தச் சீட்டில் உட்காருகிறவர்கள் யார்? நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தானே!

சென்ற ஆண்டு வல்வெட்டித்துறையில் ஒரு நண்பரின் வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்தில் ஒரு மொரிஸ் மைனர் 1000. யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் இன்னும் ஓடுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கல்யாண வீடென்றால் அவற்றுக்குத்தான் மதிப்பு. நண்பரின் காரில் ஒரு குறை. இந்தக் காரில் பற்றரி பொனட்டுக்குள், டாஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகட்டுத் தட்டில் இருக்கும். அசிட்டும் கடற்காற்றும் சேர்ந்து அந்தத் தட்டைத் தின்றுவிட்டன. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த 'அன்னபூரணி' கப்பலைக் கட்டிய ஊர் அது. கப்பல்காரர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பற்றரியை டிக்கிக்கு மாற்றித் தரும்படி நண்பர் கேட்டார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தட்டைப் புதிதாக வெல்டிங் செய்து பற்றரியைப் பழைய இடத்திலேயே வைப்பதுதான் நல்லது. ஆனால் அவர் வாங்கி வைத்திருந்த பற்றரி பெரியது. பழைய இடத்துக்குள் அடங்காது. சரி என்று பொனட்டைத் திறந்தேன்.

பற்றரியின் லைவ் முனையிலிருந்து தொழிற்சாலை போட்டு அனுப்பியது ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கேபிள் மட்டும்தான். இங்கே அதே கிளாம்பில் மேலும் மூன்று வயர்கள் முறுக்கி மாட்டப்பட்டிருந்தன. 'எது எதற்கு?' என்று கேட்டேன். 'தெரியாது, வெட்டி எறியுங்கள்' என்றார் நண்பர். பெரும்பாலான கராஜ்களிலும் இதுதான் நடக்கிறது. நான் சம்மதிக்கவில்லை.

பிரித்தானியக் கார்களில் வயரின் நிறமே பாதி கதையைச் சொல்லிவிடும். பழுப்பு என்றால் பியூஸ் இல்லாமல் பற்றரியிலிருந்து நேரே வருவது. வெள்ளை என்றால் சாவி திருகினால் உயிர் வருவது. பச்சை என்றால் அதே வெள்ளை, பியூஸைத் தாண்டிய பிறகு. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைட்லைட், கறுப்பு எர்த். வெயிலிலும் எண்ணெயிலும் நிறம் மங்கியிருந்தால், சுற்றியிருக்கும் நாடாவைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே நிறம் புதிதாகவே இருக்கும். ஆனால் பிறகு வந்தவர்கள் போட்ட வயருக்கு இந்தச் சட்டம் ஒன்றும் கிடையாது. கையில் கிடைத்த வயர், கிடைத்த நிறம்!

இன்னொரு பொறியும் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பாசிட்டிவ் எர்த். அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் கார் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இன்றைய ஜப்பான் வாகனத்தில் பழகிய பிள்ளைகள் சிவப்பைக் கண்டதும் லைவ் என்று எண்ணிவிடுவார்கள். நண்பரின் காரும் பாசிட்டிவ் எர்த்தான்.

முதலில் எர்த் முனையைக் கழற்றினேன். பிறகு லைவ் கிளாம்பிலிருந்து எல்லா வயர்களையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் பேப்பர் துண்டில் இலக்கம் எழுதிக் கட்டினேன். எர்த்தைத் திரும்பப் பூட்டி, லைவ் முனைக்கும் ஒரு வயரின் நுனிக்கும் நடுவே 12 வோல்ட் 5 வாட் பல்ப் ஒன்றைப் பிடித்தேன். பல்ப் நடுவில் இருக்கும்வரை அரை அம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான் ஓட முடியும். மறுமுனையில் என்ன இருந்தாலும் எரிந்துபோகாது. பல்ப் பிரகாசமாக எரிந்தால், ஒன்றில் அந்த வயர் எங்கோ பொடியில் முட்டுகிறது அல்லது பெரிய சாமான் ஒன்று அதில் பூட்டியிருக்கிறது. மங்கலாக எரிந்தால் சிறிய சாமான்.

முதல் வயர், எப்போதோ கழற்றிப்போன இரண்டாவது ஹோர்னுக்கு உரியது. ரேடியேட்டருக்குப் பக்கத்தில் முடிந்திருந்தது. இரண்டாவது றேடியோவுக்குப் போனது. நடுவில் ஒரு கண்ணாடி பியூஸ் இருந்தது, போட்டவர் கெட்டிக்காரர். மூன்றாவதில் பல்ப் எரியவே இல்லை. எல்லாச் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தும் எரியவில்லை.

வாசகர்களே, இங்கேதான் கவனம் வேண்டும். பல்ப் எரியாவிட்டால் 'செத்த வயர்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். வயரின் மறுமுனையில் ஒன்றும் பூட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். இந்த முனையில் முழுப் பற்றரியும் காத்திருக்கிறது! பற்றரியைத் திரும்ப மாட்டும் அந்த நிமிடத்தில் வயர் முழு நீளத்துக்கும் உயிர் பெற்றுவிடும்.

கார்ப்பெட்டைத் தூக்கினேன். ஓரமாகப் பின்னால் ஓடி, பின்சீட்டின் கீழே தகட்டில் குத்திய ஒரு துவாரத்துக்குள் நுழைந்தது. துவாரத்தில் ரப்பர் வளையம் இல்லை. மேல்தோல் தேய்ந்து, செம்பு பச்சை பிடித்து வெளியே தெரிந்தது. தகட்டுக்கும் அதற்கும் ஒரு நகக்கண் இடைவெளி. நடுவில் பியூஸும் கிடையாது. ஒருநாள் அது தகட்டைத் தொட்டிருந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து, வயர் சில விநாடிகளில் பழுக்கக் காய்ந்திருக்கும். மேலே இருப்பதோ தேங்காய்த் தும்பும் துணியும் அடைத்த சீட். இத்தனை வருடம் அதன் மேல் எத்தனை பிள்ளைகள் இருந்து போனார்களோ!

மீற்றரின் ஒரு காலில் நீளமான வயரைக் கட்டி டிக்கிவரை இழுத்துப் பார்த்ததில் மறுமுனை அகப்பட்டது. இடது லைட்டின் பின்னால், நாடா சுற்றி, இரண்டு கிளிப்புகளோடு ஒளித்து வைத்தாற்போல் இருந்தது. குறட்டைக் கையில் எடுத்தேன். விறாந்தையில் இருந்த நண்பரின் தாயார் எழுந்து வந்தார்.

"தம்பி, அதை வெட்டிப் போடாதையுங்கோ. அது இவர் போட்ட வயர்."

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாமல் போனதையும், பெட்ரோலும் டோர்ச் பற்றரியும் தடைப்பட்டதையும் வயதில் மூத்த வாசகர்கள் அறிவார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ செய்தி கேட்ட காலம். சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் காரை ஓட்டிய காலம். அந்த அம்மாவின் கணவர் காரைப் பின்பக்கமாக வீட்டுப் படிவரை கொண்டு வந்து விடுவாராம். டிக்கியைத் திறந்து இரண்டு கிளிப்பையும் எடுத்து, கார் பல்ப் ஒன்றை விறாந்தையில் தொங்க விடுவாராம். மூன்று பிள்ளைகள் அதன் கீழே இருந்து படித்தார்களாம். ஒன்பது மணிக்கு அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. என் நண்பர் அந்த மூவரில் கடைசி. அவருக்கே அந்த வயர் ஞாபகத்தில் இல்லை!

குறட்டைக் கீழே வைத்துவிட்டேன். பழைய வயரை நுனி முதல் நுனி வரை முழுதாக உருவி, சுருட்டி அம்மாவிடம் கொடுத்தேன்.

பிறகு பற்றரி டிக்கிக்குப் போனது. இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்டார்ட்டர் 200 அம்பியர் வரை இழுக்கும். டிக்கியிலிருந்து முன்னால் வரை சுமார் 4 மீற்றர். 16 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டால் வழியிலேயே கிட்டத்தட்ட 0.9 வோல்ட் தொலைந்துவிடும். 35 போட்டால் 0.4 வோல்ட்டுடன் போகும். காசைப் பார்த்து மெல்லியதை வாங்காதீர்கள். எர்த் கேபிளும் அதே தடிப்பு வேண்டும். பொடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள பட்டியையும் சுரண்டிச் சுத்தமாக்கிப் பூட்டுங்கள். லைவ் கேபிளின் பெரிய பியூஸ் பற்றரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எஞ்சின் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள 4 மீற்றருக்கும் காவல் இல்லை. தகட்டைத் துளைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். சார்ஜ் ஆகும்போது பற்றரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். ஆகவே மூடியுள்ள பெட்டியில் பற்றரியை அசையாமல் கட்டி, ஒரு குழாயால் வாயுவை வெளியே விடுங்கள்.

எல்லாம் முடிந்து ஸ்டார்ட் செய்து பார்த்த பிறகு, அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். 2013இல் யாழ்ப்பாணத்துக்குத் தேசிய மின்சாரம் திரும்ப வந்தது உண்மைதான். ஆனால் 2022இல் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்ததை அவர் மறக்கவில்லை. "பழையபடி ஒண்டு போட ஏலுமோ, தம்பி?"

இப்போது பற்றரியே டிக்கியில் இருப்பதால் வயர் ஒரு முழம்கூடத் தேவைப்படவில்லை. 21 வாட் பல்புக்கு இரண்டு அம்பியர்கூட ஓடாது. 5 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பற்றரி முனையிலேயே பூட்டி, அதே இடது லைட்டின் பின்னால் கிளிப்புகளை மாட்டிவிட்டேன். இந்த முறை வயரில் ஒரு சிறு தகட்டைக் கட்டி, அது எதற்கென்று எழுதியும் வைத்தேன்.