நடக்க உரிமை வந்தது; கடக்க வழி எங்கே?

ஏற்காட்டில் கோடை விழா தொடங்கிவிட்டால் மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்து வந்துவிடும். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியாக வண்டிகள் ஏற வேண்டும். இறங்கும் வண்டிகள் கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகப் போக வேண்டும். மலர்க்காட்சி பார்க்க வருபவர்களுக்கு இது வசதிதான். நெரிசலில் சிக்காமல் வீடு போய்ச் சேரலாம். ஆனால் அந்த வண்டிகள் எல்லாம் வாசலைத் தாண்டி இறங்கும் நாட்களில் கொட்டச்சேட்டுக்காரர்கள் எப்படிச் சாலையைக் கடக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சாலையோரம் நின்று பார்த்தால் தெரியும். தோட்டத்தில் வேலை முடித்த பெண்கள் தலையில் விறகுக்கட்டோடு நிற்பார்கள். கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எண்ணெய்ப் பாட்டிலைப் பிடித்தபடி நிற்பார்கள். இறக்கத்தில் வரும் கார் நிற்காது. அதன் பின்னாலேயே இன்னொன்று வரும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் யாராவது ஒரு பெரியவர் கையைக் காட்டிக்கொண்டு இறங்குவார். மற்றவர்கள் அவர் பின்னால் ஓடுவார்கள்.

இருட்டிய பிறகு அதே சாலையைக் காட்டெருமைகள் கடக்கின்றன. சேர்வராயன் மலைக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. காப்பித் தோட்டத்திலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மேட்டுக்கும் அவை போய்வரும் தடம் சாலை போடுவதற்கு முன்பிருந்தே உண்டு. குட்டியோடு வரும் மாடு முகப்பு விளக்கின் வெளிச்சத்தில் திகைத்து நடுச்சாலையில் நின்றுவிடும். வளர்ந்த கிடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். அதன்மேல் மோதும் இருசக்கர வண்டி என்ன ஆகும்? அந்த வண்டியில் வருபவர் எப்போதும் சுற்றுலாப் பயணியாகவே இருப்பதில்லை. விடுதியில் பாத்திரம் கழுவிவிட்டு வீடு திரும்பும் நம் ஆளாகவும் இருப்பார்.

பகலில் கடக்கும் கூலிக்காரரும் இரவில் கடக்கும் காட்டெருமையும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். சாலைக்கு மதிப்பீடு போடும்போது இருவரையும் யாரும் நினைப்பதில்லை. நம் சாலைகள் நீளவாக்கில் போகிறவர்களுக்காக வரையப்படுகின்றன. குறுக்கே போகிறவர்களுக்கு அந்த வரைபடத்தில் இடம் இல்லை.

சாலையும் நாமும்

சாலை என்பது நமக்குச் சும்மா கிடைத்த ஒன்று அல்ல. பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்கவும், பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் 1924இல் கொண்டுவந்தார். அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் அங்கே போய்ச் சிறைப்பட்டதும் அப்போதுதான். நடப்பதற்கே தீர்மானமும் போராட்டமும் சிறையும் தேவைப்பட்ட நாடு இது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுவழியில் போகவிடாமல் தடுப்பது இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

இன்றும் சில ஊர்களில் தடியோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இன்னொரு தடையும் வந்துவிட்டது. அது வேகம். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் சாலை விபத்தில் மாண்டார்கள். இறந்தவர்களின் சாதியை இந்தக் கணக்கு சொல்லாது. ஆனால் விடிகாலையில் சாலையோரம் நடப்பவர் யார், சொந்தக் காரில் போகிறவர் யார் என்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

சமவெளிக்கு இறங்கினால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நான்குவழிச்சாலை ஊரின் ஓரமாகப் போகிறது. ஊரின் ஓரத்தில்தான் காலனி இருக்கிறது. காலனி ஒரு பக்கம், பள்ளியும் ரேஷன் கடையும் மறுபக்கம் என்று ஆகிவிட்ட ஊர்கள் எத்தனை! சுடுகாடு சாலைக்கு அப்பால் போய்விட்டால், பாடையைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ஓட வேண்டும். நடுத்தடுப்பில் இடைவெளி வேண்டுமென்றால் பல ஃபர்லாங் சுற்ற வேண்டும். சுற்ற முடியாத கிழவி தடுப்பின்மேல் ஏறிக் குதிக்கிறாள். அடிபட்டால் “கவனக்குறைவாகச் சாலையைக் கடந்தார்” என்று எழுதிவிடுகிறார்கள். கடக்க வழி வைக்காமல் சாலை போட்டவரின் கவனக்குறைவை யார் எழுதுவது?

கொட்டச்சேட்டுப் பாதை இறங்கி முடியும் குப்பனூரில், 2018இல் சென்னை-சேலம் எட்டுவழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். நிலம் போகிறதே என்பதுதான் அன்றைய முதல் கேள்வி. அது நியாயமான கேள்வி. நிலமே இல்லாதவர்களுக்கு அதோடு இன்னொரு கேள்வியும் இருந்தது: வேலைக்குப் போகும் வழியும் மாடு மேய்க்கும் வழியும் என்ன ஆகும்? அதற்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம் இல்லை.

வழி வைத்தவர்கள்

வழி வைக்க முடியாது என்பது உண்மை அல்ல. மத்தியப் பிரதேசத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் இடையே பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டை 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வெட்டிச் செல்கிறது. அதை அகலப்படுத்தியபோது வழக்கும் எதிர்ப்பும் வந்தன. முடிவில் மகாராஷ்டிரப் பகுதியில் 9 இடங்களில் சாலையைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டினார்கள். கீழே விலங்குகள் போகும் வழியின் அகலம் 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை. இந்திய வனஉயிரின நிறுவனம் கேமரா வைத்துப் பார்த்தது. புலி, மான், காட்டெருமை என்று 18 வகை விலங்குகள் அந்த வழியாகப் போனது பதிவானது. வழி சரியாக இருந்தால் விலங்கு பழகிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

நம் மாநிலத்திலேயே வால்பாறை இருக்கிறது. புதுத்தோட்டம் பகுதியில் சோலைமந்திகள் சாலையில் இறங்கி அடிபட்டுச் செத்தன. இருபக்க மரங்களையும் இணைத்துச் சாலைக்கு மேலே நாடாப் பாலங்கள் கட்டினார்கள். மந்திகள் அதன்மேல் நடக்கின்றன. அதே வால்பாறையில் யானை பக்கத்தில் இருந்தால் எரியும் சிவப்பு விளக்குகளும், கைப்பேசிக்கு வரும் செய்தியும் இருக்கின்றன. அந்த ஏற்பாடு யானையை மட்டும் மனத்தில் வைத்துச் செய்தது அல்ல. மாலையில் பேருந்தை விட்டிறங்கி லைன் வீட்டுக்கு நடக்கும் தேயிலைத் தொழிலாளியின் உயிரையும் அது காக்கிறது. நாம் கேட்பது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான்.

ஆனால் விலங்கை மட்டும் பார்த்து மனிதரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சத்தியமங்கலம் பாடம். பண்ணாரி முதல் காரப்பள்ளம் வரையிலான சாலையில் 2012 முதல் 2021 வரை 155 விலங்குகள் வண்டியில் அடிபட்டு இறந்தன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. நோக்கம் சரியானது. ஆனால் மலைமேல் இருக்கும் தாளவாடி வட்டார மக்கள் போராட இறங்கினார்கள். விளைச்சலையும் நோயாளியையும் எப்படிக் கீழே கொண்டுபோவது என்பது அவர்கள் கவலை. அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிட்டுத் தடை போட்டிருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது.

மனிதருக்காகக் கட்டியதையும் அரைகுறையாகக் கட்டினால் அதுவே எமனாகிவிடும். புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் 2021 செப்டம்பரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். தண்ணீர் வெளியேற வழி இல்லாத சுரங்கப்பாதையை நம் ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மழைக்காலத்தில் குளம், வெயில் காலத்தில் குடிகாரர் கூடாரம், இரவில் பெண்கள் நுழைய அஞ்சும் இருட்டு. அப்படி ஒன்றை நாம் கேட்கவில்லை.

ஒரே தட்டிலா?

“மனிதரையும் விலங்கையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களா?” என்று நம் தோழர்களே கேட்கக்கூடும். நம்மை விலங்கிலும் கீழாக நடத்திய நாட்டில் இந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. புலிக்குப் பாலம் கட்டக் கோடிகள் வருகின்றன. காலனிக்கு ஒரு சிறுபாலம் கேட்டுக் கொடுத்த மனு மேசையில் தூங்குகிறது. இந்தக் கோபமும் நியாயமானதுதான்.

ஆனால் புலிக்குப் பாலம் கிடைத்தது புலி மனுக் கொடுத்ததால் அல்ல. அதற்காக நீதிமன்றம் போக ஆள் இருந்தது. எங்கே கடக்கிறது என்று கணக்கு எடுக்க நிறுவனம் இருந்தது. நமக்காகக் கணக்கு எடுக்க யாரும் வரவில்லை. எனவே விலங்குக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுவதைவிட, அது கிடைத்த வழியைக் கற்றுக்கொள்வது நல்லது. கொட்டச்சேடு போன்ற ஊரில் இரண்டும் வேறு வேறு வேலையும் அல்ல. ஓடை இறங்கும் பள்ளத்தில்தான் மாடும் வருகிறது, மனிதரின் ஒற்றையடிப் பாதையும் வருகிறது. எந்தப் பள்ளத்தில் எந்த நேரத்தில் என்ன கடக்கும் என்பது மலையாளிப் பழங்குடி மக்களுக்கும், தோட்டங்களில் தலைமுறையாக உழைக்கும் பட்டியலினக் குடும்பங்களுக்கும் தெரியும். அந்த அறிவை ஒரு காசு செலவில்லாமல் பெறலாம். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சிறுபாலங்கள். மலைச்சாலைக்குக் கீழே தண்ணீர் போக ஏற்கெனவே குழாய்ப்பாலங்கள் இருக்கின்றன. மண்சரிவிலும் வெள்ளத்திலும் அவை உடைந்தால் மறுபடியும் அதே குழாயைப் புதைக்கக் கூடாது. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில், மறுமுனை வெளிச்சம் தெரியும்படி, பெட்டி வடிவத்தில் கட்ட வேண்டும். ஓரத்தில் நனையாத திட்டு ஒன்று விட்டால் மழைக்காலத்திலும் நடக்கலாம். இரவில் சிறு விலங்குகளும் அந்த வழியாகவே போகும். காட்டெருமைக்கு இது போதாது. அது கடக்கும் பெரிய ஓடைகளில் அகலமான பாலமும், அடியில் கான்கிரீட் போடாத மண்தரையும் வேண்டும்.

இரண்டாவது, வேகம். ஊர், பள்ளி, பேருந்து நிறுத்தம் இருக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பலகை வைத்தால் மட்டும் யாரும் மதிக்க மாட்டார்கள். நடப்பவர் கடக்கும் இடத்தில் சாலையையே மேடையாக உயர்த்தி வெள்ளைக்கோடு போட்டால் வண்டி தானாக மெதுவாகும். அந்த மேடையை வளைவின் முனையில் வைக்காமல், இருபுறமும் கண்ணுக்குத் தெரியும் நேர்ப்பகுதியில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, தடுப்புச்சுவர். கார் பள்ளத்தில் விழாமலிருக்கச் சுவர் வேண்டும். அதில் மறுப்பு இல்லை. ஆனால் நீளமாக ஒரே சுவராகக் கட்டினால் ஒற்றையடிப் பாதை அடைபடும், மாடும் சாலைக்குள் மாட்டிக்கொள்ளும். வழக்கமான தடங்களில் இடைவெளியும், மனிதருக்குப் படியும் விட வேண்டும். குரங்கும் அணிலும் தாண்டும் இடங்களில் சாலைக்கு மேல் கைகோத்து நிற்கும் மரக்கிளைகளை வெட்டக் கூடாது.

நான்காவது, ஒருவழிப் போக்குவரத்து அறிவிக்கும் நாட்களில் கொட்டச்சேட்டிலும் வழியிலுள்ள மற்ற ஊர்களிலும் போலீசாரை நிறுத்த வேண்டும். சுற்றுலாப் பயணிக்காகச் செய்யும் ஏற்பாட்டில் உள்ளூர் மக்களுக்கும் ஒரு பங்கு வேண்டும்.

இவற்றுக்கான பணம் நெடுஞ்சாலைத்துறையின் சாலை மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கும் சிறப்பு நிதியைப் பொதுச்சாலைக்குத் திருப்பிவிட்டு, “உங்களுக்காகத்தானே செய்தோம்” என்று சொல்லக் கூடாது. கடக்கும் வழி சலுகை அல்ல, சாலையின் ஓர் உறுப்பு.

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, தரம் தவறிச் சாலையை வடிவமைப்பவரும் கட்டுபவரும் பராமரிப்பவரும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வன உரிமைச் சட்டம் 2006, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் பொறுப்பைக் கிராம சபைக்கே கொடுத்திருக்கிறது.

எனவே தொடங்க வேண்டிய இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் மலைக்கிராம மாணவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் எழுதுங்கள்: எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் கடந்தார்கள், கையில் குழந்தை இருந்ததா, சுமை இருந்ததா, எந்த விலங்கின் குளம்படி இருந்தது, எது அடிபட்டுக் கிடந்தது. பாட்டியிடமும் தாத்தாவிடமும் கேட்டுப் பழைய தடங்களைக் கோடு போட்டு வரையுங்கள். அந்த நோட்டைக் கிராம சபையில் படித்து, தீர்மானமாக்கி, நெடுஞ்சாலைத்துறைக்கும் வனத்துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

சாலையில் நடக்கலாம் என்று எழுதிவாங்க நம் முன்னோர் சட்டசபை வரை போனார்கள். அதைக் கடக்கவும் வழி வேண்டும் என்று எழுதிவாங்குவது நம் முறை. அடுத்த கோடை விழாவுக்குள் கொட்டச்சேட்டில் ஒரே ஓர் இடத்திலாவது, கையை நீட்டி ஓடாமல் ஒரு கிழவி நிதானமாக நடந்து அந்தப் பக்கம் போக வேண்டும்.