சைலன்சரைக் கழற்றினால் யாருக்கு லாபம்?

பெங்களூர் ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளிலும், பேட்டைக்குப் பேட்டை உள்ள மெக்கானிக் பட்டறைகளிலும் பளபளப்பான புகைக்குழாய்கள் தொங்குவதைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்வதற்கான வெளிக் கம்பெனிச் சரக்கு இது. இழுவை கூடும், வண்டி லேசாகும், செலவும் குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குபவர்கள் எல்லோரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பீனியா தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவரும், தவணையில் வண்டி எடுத்த குமாஸ்தாவும், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞரும் அவர்களில் உண்டு. பழைய சைலன்சர் அடைத்துவிட்டது, கம்பெனிச் சாமானின் விலை கட்டுப்படியாகவில்லை என்பதே இவர்களில் பலர் சொல்லும் காரணம். ஆகவே இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கில்லை. வரவு செலவுக் கணக்குப் பார்த்தே பேச வேண்டும்.

கழற்றப்படுவது வெறும் குழாய் அல்ல. அதனுள்ளே 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்ற சாதனம் இருக்கிறது. தேன்கூடு போல நுண்துளைகள் கொண்ட கட்டி அது. துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். சுமார் 300 டிகிரி சூடேறியதும் இது முழு வேலையைத் தொடங்குகிறது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவையும், எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியையும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சாதாரண நைட்ரஜனாக்குகிறது. 1995 ஏப்ரலில் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதியைப் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் எதுவும் இந்தச் சாதனம் இல்லாமல் எட்டுவது அரிது.

அடைப்பு என்ற காரணத்தை முதலில் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இந்தச் சாதனம் எளிதில் அடைபடுவதில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிந்தால் அடைபடும். பிளக் சரியாகப் பொறி விடாமல், எரியாத பெட்ரோல் குழாயில் இறங்கினால் சூடேறி உருகும். கலப்படப் பெட்ரோலாலும் கெடும். நோய் எஞ்சினில் இருக்க, குழாயை மாற்றி என்ன பயன்? தலையணையை மாற்றினால் தலைவலி தீராது.

அடுத்தது இழுவை. இன்றைய வண்டிகளில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பதை ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலை வைத்தே அது நடக்கிறது. மலிவுக் குழாய்கள் சிலவற்றில் அந்தச் சென்சாரைப் பொருத்த இடமே இருப்பதில்லை. அதைப் பொருத்தாமல் விட்டால் எஞ்சின் விளக்கு எரியும், பெட்ரோலும் வீணாகும். 100, 125 சி.சி. வண்டியில் கண்கூடாகக் கூடுவது சத்தம் ஒன்றுதான். சத்தத்தையே இழுவை என்று காது நம்பிவிடுகிறது.

கழற்றிய சைலன்சர் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2021-இல் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. ஒரு மோட்டார் சைக்கிளில் இருப்பது மிகச் சொற்பம் என்றாலும், அந்தச் சொற்பத்துக்கும் காயலான் கடையில் மதிப்பு உண்டு. "பழசு உங்களுக்கு எதற்கு?" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவருக்கு அது தெரியும். கொடுத்துவிட்டு வருபவருக்குத்தான் தெரிவதில்லை.

சட்டமும் சும்மா இருப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதியில்லாத மாற்றங்களைத் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வகுத்தது. சத்தம், புகை ஆகியவற்றின் வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதத்துக்கு லைசென்ஸ் இழப்பும் நேரலாம் என்றது. லைசென்ஸை நம்பிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாத அடுப்பு. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு வந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் கர்நாடகத்தில் வைத்திருந்தால் இங்குள்ள பதிவெண் பெற வேண்டும் என்பது விதி. அதற்காக அதிகாரி முன் வண்டியை நிறுத்தும்போது இந்தக் குழாய் வம்பாக முடியும்.

புகைப் பரிசோதனையில் வண்டி தேறிவிட்டதே என்பார்கள். அந்தப் பரிசோதனை, நின்றபடி ஓடும் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் மட்டுமே அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சான்றிதழ் கையில் இருப்பதால் புகை சுத்தமாகிவிடாது.

பஸ்ஸும் லாரியும் கக்கும் புகைக்கு முன்னால் ஒரு சிறு வண்டியின் புகை எம்மாத்திரம் என்று கேட்பவர்களும் உண்டு. பெங்களூரில் ஓடும் வண்டிகள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகள். சில்க் போர்டு சந்திப்பில் சிவப்பு விளக்கு எரியும்போது, முன்வரிசை முழுவதும் மோட்டார் சைக்கிள்களே. ஒரு வண்டியின் புகை நேரே போவது பின்னால் நிற்கும் வண்டிக்காரரின் முகத்துக்கு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளோடு கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனக் காரில் போகிறவரை இது அவ்வளவாகத் தொடாது. ஹெல்மெட்டுக்குள் மூச்சு விடுபவர், தெரு கூட்டும் பெண்மணி, போக்குவரத்துக் காவலர், நடைபாதையில் பூக் கட்டி விற்பவர் ஆகியோர்தாம் நாள் முழுவதும் இதைச் சுவாசிக்கிறார்கள். ஏழை மிச்சம் பிடிப்பதாக நினைக்கும் காசு, இன்னொரு ஏழையின் நுரையீரலில் பற்று எழுதப்படுகிறது.

இதற்குப் பரிகாரம் வண்டிக்காரரைப் பிடிப்பது மட்டும் அல்ல. பல நகரங்களில் காவல்துறையினர் மாற்றுச் சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, ரோடு ரோலரால் நசுக்கியிருக்கிறார்கள். தெருவில் பிடிபட்டவரின் குழாய் நசுங்குகிறது; விற்ற கடை மறுநாளும் திறந்திருக்கிறது. விற்பவர், பொருத்துபவர் பக்கமும் சட்டத்தின் கை நீள வேண்டும். வண்டிக் கம்பெனிகள் கன்வர்ட்டரோடு கூடிய சைலன்சரைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க வேண்டும். பழையதில் உள்ள உலோகத்துக்கு உரிய விலையைக் கழித்துக்கொண்டு புதியதைத் தரலாம். பேட்டரிக்கு இந்த முறை நடைமுறையில் இருக்கும்போது சைலன்சருக்கு ஏன் கூடாது?

அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சைலன்சர் அடைத்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், ஏன் அடைத்தது என்று கேட்டு, முதலில் பிளக்கையும் ரிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய வண்டி வாங்குபவர் விலை பேசுவதற்கு முன் குனிந்து, குழாய் வண்டியோடு வந்ததுதானா என்று பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால், அந்தச் சாமானின் விலையை வண்டி விலையில் குறைத்துக் கேட்க அவருக்கு முழு நியாயம் உண்டு.