வயதை முந்தும் உடல்

"பனைமரம் போல் வளர்ந்திருக்கிறாயே, புத்தி எங்கே போயிற்று?" என்ற வசவு நம் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் சர்வசாதாரணம். சில குழந்தைகள் விஷயத்தில் அது பெரும் அநியாயமாக முடிகிறது. அவர்களுடைய தேகம் வயதை முந்திக்கொண்டு வளர்ந்து, காண்பவர்களை ஏமாற்றிவிடுகிறது.

1964-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜுவான் ஸோட்டோஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் இத்தகைய ஐந்து குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அதனால் இந்நோய்க்கு ஸோட்டோஸ் நோய் என்றே பெயர். சுமார் பதினாலாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது காணப்படுகிறது.

இதன் அடையாளங்கள் என்ன? பிறக்கும்போதே குழந்தை நீளமாக இருக்கும்; தலையும் பெரிது. பால் குடிக்கச் சிரமப்படுவதும், மஞ்சள் காமாலை காண்பதும் உண்டு. பிறகு வளர்ச்சி விரைகிறது. ஒரே வயதுள்ள நூறு பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தினால், இக்குழந்தை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் நிற்கும். அகன்று உயர்ந்த நெற்றி, ஒடுங்கி நீண்ட முகம், கூரிய மோவாய், சிவந்த கன்னங்கள், பெரிய கை கால்கள் ஆகியவற்றையும் காணலாம். கையை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், எலும்பு வயதுக்கு மிஞ்சிய முதிர்ச்சி அடைந்திருப்பது அநேகமாகத் தெரியவரும்.

ஆனால் தசைகள் தளர்ந்திருப்பதால் நடப்பது தாமதம், பேச்சும் தாமதம். படிப்பில் சிலருக்குச் சொற்பக் குறைவே, சிலருக்கு அதிகம். இங்கேதான் விபரீதம் விளைகிறது. நான்கு வயதுக் குழந்தையை ஆறு வயதென்று எண்ணி, ஆறு வயதுக்குரிய பேச்சையும் அடக்கத்தையும் எதிர்பார்க்கிறோம். அது அழுதால் பிடிவாதம் என்கிறோம். புரியாமல் விழித்தால் மந்தம் என்கிறோம்.

தாய் உண்ட ஆகாரமோ, கிரகணமோ இதற்குக் காரணமல்ல. ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே பெரும்பாலும் காரணமென்று 2002-ஆம் வருஷம் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அநேகக் குழந்தைகளிடம் அப்பழுது புதிதாகவே தோன்றுகிறது, பெற்றோரிடம் இருப்பதில்லை. ஆகவே மாமியார் மருமகளைக் குறை கூறுவதற்கு இதில் இடமே இல்லை.

உயரமான பெற்றோருக்கு உயரமான பிள்ளை பிறப்பது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டாம். உயரத்தோடு பெரிய தலையும், நடை அல்லது பேச்சில் தாமதமும் சேர்ந்திருந்தால் குழந்தை வைத்தியரிடம் காட்டுவது அவசியம். மரபணுப் பரிசோதனை சந்தேகத்தைத் தெளிவிக்கும். வலிப்பு, முதுகெலும்பு வளைவு, இருதயம் அல்லது சிறுநீரகத்தில் கோளாறு ஆகியன சிலருக்கு உண்டாகுமாதலால் அவற்றையும் சோதிப்பார்கள். நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. எனினும் பேச்சுப் பயிற்சியும் தேகப் பயிற்சியும் காலத்தில் தொடங்கினால் நல்ல பலன் தரும். வளர்ச்சியின் வேகமும் நாளடைவில் தணிகிறது.

உபாத்தியாயர்களுக்கு ஒரு வார்த்தை. உயரமான பிள்ளை என்று கடைசிப் பெஞ்சில் உட்காரவைத்து மறந்துவிடாதீர்கள். அதட்டுமுன் வருகைப் பதிவேட்டைத் திறந்து, அவன் பிறந்த தேதியைப் பாருங்கள்.