பாக்கெட் பிலிமில் ஒரு மெல்லிய பூச்சு: சந்தை ஏன் சூடு பிடிக்கிறது?

10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் வெள்ளி மாதிரி பளபளக்குமே, அது அலுமினியத் தாள் இல்லை. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி பிளாஸ்டிக் பிலிம் மேல் படியவைத்த பூச்சு. மாத்திரை அட்டையில் இருக்கும் தாளின் தடிமனை மைக்ரானில் சொல்லலாம். இதை நானோமீட்டரில்தான் சொல்ல முடியும்.

'ஹை பேரியர்' எனப்படும் இந்த வகை பிலிம்களில்தான் யூஃப்ளெக்ஸ், காஸ்மோ ஃபர்ஸ்ட், ஜிண்டால் பாலி ஃபிலிம்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் இப்போது கவனம் செலுத்துகின்றன.

பேரியர் எதற்கு? சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் ஈரத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஆக்சிஜனை விட்டுவிடும். சிப்ஸ் நமத்துப்போகாது, ஆனால் எண்ணெய் வாடை அடிக்க ஆரம்பிச்சிடும். ஆக்சிஜனைத் தடுப்பதில் கெட்டிக்காரரான இவிஓஎச் என்ற பிளாஸ்டிக்கோ ஈரம் பட்டால் பலவீனமாகிவிடும். ஒன்றே எல்லாவற்றையும் செய்யாததால்தான் அடுக்கடுக்காக ஒட்டினார்கள்: பாலியஸ்டர், அலுமினியத் தாள், பாலிஎத்திலீன். சாமான் கெடாது. ஆனால் ஒட்டியதைப் பிரிக்க முடியாது, அதனால் மறுசுழற்சியும் கஷ்டம்.

2025 செப்டம்பர் 22-இல் நம்கீன், பிஸ்கட் மீதான ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்தது விற்பனைக்கு உதவலாம். ஆனால் பூச்சு பிலிம் பக்கம் தள்ளுவது வரி இல்லை, விதி. 2022-இல் வந்த இபிஆர் வழிகாட்டுதல்படி, பாக்கெட்டைச் சந்தைக்கு விடும் நிறுவனமே அதன் குப்பைக்கும் பொறுப்பு. மடங்கக்கூடிய பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் 2024-25-க்கு 30 சதவீதம், 2027-28-க்குள் 60 சதவீதம் மறுசுழற்சி ஆகணும். சிமெண்ட் சூளையில் எரித்தது இந்தக் கணக்கில் சேராது. பிரிக்க முடியாத பாக்கெட்டை வைத்து 60-ஐ எப்படித் தொடுவது? அதனால்தான் முழுக்க பாலிஎத்திலீன் அல்லது முழுக்க பாலிப்ரொப்பிலீன், அதன் மேல் அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கான் ஆக்சைடு மாதிரி மிக மெல்லிய பூச்சு என்ற வடிவமைப்புக்கு மவுசு. பூச்சின் எடை மிகக் குறைவு என்பதால், உருக்கும்போது அது பெரிய தொல்லை தராது. பிவிடிசி பூச்சு மட்டும் விதிவிலக்கு. அதில் குளோரின் இருப்பதால் மறுசுழற்சி ஆலைகளுக்கு ஆகாது.

எனக்குச் சந்தேகம் தொழில்நுட்பத்தில் இல்லை, பொறுக்குபவரின் கணக்கில். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கான சிப்ஸ் பாக்கெட் வேணும், அதுவும் மசாலாவும் எண்ணெயும் ஒட்டிய பாக்கெட். அந்த நேரத்தில் பெட் பாட்டில் பொறுக்கினால் கூடுதல் காசு. பால் கவரை எடுத்துக்கொள்ளும் பழைய பேப்பர் கடைக்காரர் இதைத் திருப்பிக் கொடுத்துடுவார். 'மறுசுழற்சி செய்யலாம்' என்று அச்சடித்த பாக்கெட்டும் குப்பைமேட்டில் பழைய பாக்கெட் மாதிரியேதான் கிடக்கும்.

இபிஆர் பணம் இந்த இடைவெளியை நிரப்பணும் என்பதுதான் திட்டம். மறுசுழற்சி ஆலை தரும் சான்றிதழை பிராண்டுகள் வாங்குகின்றன. ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் சில ஆலைகள் மட்டுமே சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் உருவாக்கியது தெரியவந்தது. போலி மலிவாகக் கிடைக்கும்வரை, விலை கூடிய பூச்சு பிலிமுக்கு மாற ஒரு பிராண்டுக்கு என்ன அவசரம்? 2025 ஜூலை 1 முதல் உற்பத்தியாளர் விவரங்களை பார்கோடு, க்யூஆர் கோடு வழியாகவும் தரலாம் என்று விதி வந்துவிட்டது. ஸ்கேன் செய்தால் பாக்கெட் யாருடையது என்று தெரியும். அது ஆலைக்குப் போனதா என்பதைச் சரிபார்க்க இன்னமும் நேரடி ஆய்வுதான் வழி.