அனுபவம் என்னும் கூலி

"பையனுக்குச் சம்பளம் எதற்கு, ஸார்? அனுபவம் கிடைக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கும் பெரிய மனிதர்கள் பெருகிவிட்டார்கள். கட்டடக்கலை பயிலும் மாணவன் அவர்களுடைய ஆபீசில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, யாரோ முடிவு செய்துவிட்ட குளியலறைக் கதவை நூறு தரம் திருத்தி வரைகிறான். கட்டடம் எழும்பும் மனையை அவன் மிதித்ததில்லை. அதில் குடியிருக்கப் போகிறவர் முகத்தைப் பார்த்ததுமில்லை. ஓசியில் வேலை வாங்குகிறோம் என்று சொல்லக் கூசுகிறவர்கள் இதற்கு வைத்த பெயர்தான் அனுபவம்!

மாணவனுக்கு உலக அனுபவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது அனுபவம் என்பதுதான் என் வழக்கு.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஹேல் கவுண்டி என்று ஓர் ஏழைப் பிரதேசம் உண்டு. 1936ல் ஜேம்ஸ் ஏஜி என்ற எழுத்தாளரும் வாக்கர் எவன்ஸ் என்ற புகைப்படக்காரரும் அங்கே போய், வாரக் குடியானவர்களின் வாழ்க்கையைப் பார்த்து வந்தார்கள். 1941ல் அது புத்தகமாயிற்று, புகழும் பெற்றது. ஆனால், புத்தகத்தால் எந்தக் கூரையும் ஒழுகாமல் நின்றுவிடாது. எழுதிப் பிழைக்கிற நான் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1993ல் ஆபர்ன் சர்வகலாசாலை ஆசிரியர்களான சாமுவேல் மாக்பி, டி. கே. ரூத் இருவரும் அதே ஹேல் கவுண்டியில் 'ரூரல் ஸ்டூடியோ'வைத் தொடங்கினார்கள். மாணவர்கள் அங்கேயே தங்க வேண்டும். வரைந்ததைத் தாங்களே கட்டவும் வேண்டும். 1994ல் வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, மேலே பூச்சுப் பூசி, ஒரு முதிய தம்பதிக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு பழைய டயர்களைக் கொண்டு ஒரு தேவாலயம், கார் கண்ணாடிகளைக் கொண்டு ஒரு சமூகக் கூடம்.

"ஏழையின் வீடு இவர்கள் கை பழகும் சோதனைச் சாலையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2005ல் அந்த ஸ்டூடியோ எடுத்துக்கொண்ட வேலையே அதற்குப் பதில். அரசாங்கப் பென்ஷனில் காலம் தள்ளும் ஒருவர், கடன் வாங்கித் தவணை கட்டக்கூடிய வீட்டைப் பொருளும் கூலியும் சேர்த்து 20,000 டாலருக்குள் கட்ட முடியுமா என்று பார்த்தார்கள். விலைவாசி அந்தத் தொகையைப் பின்னால் விழுங்கிவிட்டது. ஆனாலும் கேள்வி செத்துவிடவில்லை. விசித்திரமான சுவரைக் கண்டு ஊர் வியக்கலாம். குடியிருப்பவருக்கோ மழை நீர் உள்ளே வராத கூரை வேண்டும். இந்த வித்தியாசம் புரிவதல்லவா அனுபவம்?

"அங்கேயும் மாணவன் கூலியில்லாமல்தானே உழைக்கிறான்?" என்று மடக்குவார்கள். ஆமாம், உழைக்கிறான். பட்டம் வாங்கிய பிறகும், எடுத்த வேலை முடியும்வரை தங்கியவர்கள் உண்டு. ஆனால் அவன் வியர்வைக்கு யாரும் பில் போட்டுப் பணம் வாங்கவில்லை. பலன், வீடில்லாதவருக்கு வீடாகப் போய்ச் சேருகிறது. நம் கனவான்களோ மாணவன் வரைந்த கோட்டுக்கு வாடிக்கைக்காரரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, அவனுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டை நீட்டுகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

அனுபவம் கொடுக்கிறோம் என்கிறவர்கள் அதையாவது ஒழுங்காகக் கொடுக்கட்டும். மாணவனை மனைக்கு அழைத்துப் போகட்டும். கொத்தனாரோடு பேச விடட்டும். குடிவருகிறவரின் கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கட்டும். அவன் வேலையில் லாபம் வந்தால், அதில் அவனுக்குரிய கூலியையும் எண்ணி வைக்கட்டும். இதெல்லாம் கட்டுப்படியாகாது என்றால், அந்தக் குளியலறைக் கதவை அவர்களே வரைந்துகொள்ளட்டும்!