மாணவி தந்த பட்டியலும் நாம் படைக்காத விருந்தும்

கிழமைக்கு ஒருமுறை என் வகுப்பு மாணவர்க்கு ஓர் எழுத்துப் பயிற்சி தருவதுண்டு. கடந்த ஏழு நாள்களில் கண்டது, படித்தது, கேட்டது என்னும் மூன்று தலைப்பின்கீழ்த் தம் மனத்திற்கு உவந்தவற்றை எழுதி, ஏன் உவந்தன என்பதையும் நான்கு வரிகளில் சொல்லல் வேண்டும். மதிப்பெண் இல்லை; பிழைதிருத்தம் மட்டும் உண்டு. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் எழுதித் தந்த தாளை நம் இயக்க நண்பர் இருவர்க்குக் காட்டினேன். அவர்கள் கொண்ட சினமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

கண்டது: தமிழ்க் குரலில் ஒரு கொரிய நெடுந்தொடர், பத்துப் பகுதிகள், ‘மல்மோயி’ என்னும் கொரியத் திரைப்படம். படித்தது: பாடநூல் தவிர வேறில்லை, ஆனால் கொரிய எழுத்துகளைத் தானே கற்றுத் தன் பெயரையும் தாயின் பெயரையும் எழுதிப் பார்த்திருக்கிறாள். கேட்டது: பி.டி.எசு. என்னும் எழுவர் குழுவின் பாடல்கள். அவ்வளவே. தமிழ்த் தொடரோ, தமிழ்க் கதையோ, தமிழ்ப் பாட்டோ ஒன்றுகூட இல்லை. பட்டியலை எழுதிய மொழி மட்டும் தமிழ்; அதில் இரண்டே ஒற்றுப்பிழைகள்.

“நேற்று இந்தி, இன்று ஆங்கிலம், நாளை கொரியமா?” என்றார் ஒரு நண்பர். “பள்ளியிலேயே இதனைக் கண்டித்திருக்க வேண்டும்” என்றார் மற்றவர். அவர்தம் மொழிப்பற்றை நான் குறைத்து மதிப்பவனல்லன். ஆயினும் அவர்கள் அத்தாளைப் பார்த்தார்களேயன்றிப் படித்தார்களில்லை.

இந்தி இங்கு ஆணையால் வந்தது. ஆங்கிலம் ஆட்சியால் வந்து, வேலையால் நிலைத்தது. கொரிய மொழி இவ்விளம்பெண்ணிடம் எவ்வழி வந்தது? தேர்வில் அது கேட்கப்படுவதில்லை. பெற்றோர் வற்புறுத்தவில்லை. இன்பம் ஒன்றே அதனை அழைத்து வந்தது. ஆணையால் வந்ததை எதிர்த்துப் போராட நாம் அறிவோம். 1938இலும் 1965இலும் போராடினோம். இன்பத்தால் வந்ததை அவ்வாறு எதிர்த்தல் இயலாது. அதன் எதிரே மற்றோர் இன்பத்தைத்தான் வைத்தல் வேண்டும்.

இனி, அவள் கண்ட அத்திரைப்படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019இல் வெளிவந்தது. ‘மல்மோயி’ என்பதற்குச் சொற்றிரட்டு என்று பொருள். கொரிய நாடு 1910 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் இருந்தது. 1938இல் பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகத் தாழ்த்தப்பட்டு, பின் நடைமுறையில் இல்லாதொழிந்தது. (அதே 1938இல் இங்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை நம் அன்பர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.) அவ்விருள் காலத்தில் கொரிய மொழிக் கழகத்தார் ஓர் அகரமுதலி தொகுத்து வந்தனர். 1929இல் தொடங்கிய பணி அது. நாட்டுப்புறத்து மக்கள் வழங்கும் சொற்களையெல்லாம் ஊர் ஊராய்த் திரட்டினர். 1942இல் கழகத்தார் சிறைப்பட்டனர். ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பிலிருந்தே காவலர் உசாவல் தொடங்கிற்று என்பர். அறிஞர் இருவர் சிறையிலேயே மாண்டனர். நம் நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையில் 1939இல் உயிர் நீத்ததை இங்கு எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

பறிபோன கையெழுத்துப் படிகள் 1945இல், விடுதலைக்குப் பின், சியோல் தொடர்வண்டி நிலையத்துச் சரக்கறையில் கிடைத்தன. 1947இல் முதல் மடலம் வெளிவந்தது. 1957இல் ஆறாம் மடலத்தோடு பணி நிறைவெய்தியது.

இவ்வரலாற்றை அந்நாட்டார் ஓர் ஆய்வுரையாக்கி நூலகத்தில் அடுக்கிவைத்ததோடு நின்றாரில்லை. எழுத்தறியாத, சிறை சென்று மீண்ட ஒருவனைக் கதைத்தலைவனாக்கினர். அவன் எழுத்துக் கற்பதையும், கற்ற எழுத்தைக் கொண்டு கடைப்பலகைகளைக் கூட்டிப் படிப்பதையும் நகையும் கண்ணீருமாகக் காட்டினர். அகரமுதலி தொகுப்பதை ஒரு திரைப்படமாக எடுத்து அதனைப் பதினாறு அகவைத் தமிழ்ப்பெண் ஒருத்தி நள்ளிரவு வரை விழித்துப் பார்க்குமாறு செய்துவிட்டனர்!

என்னிடம் அவள் ஒன்று கேட்டாள்: “ஐயா, நம்மிடமும் இப்படிச் சொல் தொகுத்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? அவர்களைப் பற்றிப் படம் இருக்கிறதா?”

இருந்தார்கள். மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கத்தை அவளுக்குச் சொன்னேன். 1974இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டம் தொடங்கியதையும், 1981இல் அவர் மறைந்த பின்னும் பணி நெடுங்காலம் நீண்டதையும் சொன்னேன். வறுமையிலும் ஒரு சொல்லின் வேரைத் தேடி இரவெல்லாம் இருந்த அப்பெருமகனார் வாழ்க்கை திரைக்கு ஒவ்வாததா? ஓராயிரம் கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கிறோம். ஓர் இளைஞன் விரும்பிப் பார்க்கும் படமாகவோ, விரும்பிப் படிக்கும் கதையாகவோ அவரை ஆக்கித் தந்தோமா?

கொரியரைத் தூய மொழியினர் என்று புகழ நான் வரவில்லை. அவர்தம் சொற்றொகுதியில் பெரும்பகுதி சீனவழி வந்தது. இற்றைப் பேச்சில் ஆங்கிலமும் மிகக் கலந்துள்ளது. அப்பாடகர் எழுவரே 2020இல் முழுதும் ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாடினர். ஆனால் அதற்கு முன்பே, 2018இல், பெரும்பாலும் கொரிய மொழியிலமைந்த அவர்தம் இசைத்தொகுப்பு அமெரிக்காவின் ‘பில்போர்டு 200’ பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. ‘ஆங்கிலம் கலவாவிடில் இளைஞர் கேளார்’ என்று நம் திரைப்பாடலாசிரியர் சிலர் சொல்லும் சாக்குக்கு இதனினும் நல்ல விடை வேண்டுமோ?

மற்றொன்றையும் இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். அம்மா, அப்பா என்னும் சொற்கள் கொரியத்திலும் ஒத்தொலிப்பதைக் கண்டு, கொரியம் தமிழின் மகள் என்று முழங்குவோர் நம்முள் உளர். ஓமர் அல்பர்ட்டு என்னும் அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். இற்றை மொழிநூலார் அவ்வுறவை ஒப்புவதில்லை. நிறுவப்படாத உறவைக் கொண்டாடுவதினும், கண்முன் உள்ள ஒப்புமையை வகுப்பறையில் பயன்கொள்வது நன்று. கொரிய மன்னன் செசோங்கு 1443இல் ஆக்கி 1446இல் வெளியிட்ட ‘அங்குல்’ எழுத்தில் உயிரும் மெய்யும் ஒரு கட்டத்துள் கூடி அசையாகின்றன. உயிரைத் தாயொலி என்றும் மெய்யைச் சேயொலி என்றும் அவர் வழங்குவர். இதனை அறிந்த பின்னரே தமிழ் உயிர்மெய்யின் அமைப்பு தனக்கு விளங்கிற்று என்று அம்மாணவி எழுதியிருந்தாள். அவ்விடத்தை நான் இருமுறை படித்தேன்.

என் சினம் வேறிடத்தில் உள்ளது. அவள் பார்த்த நெடுந்தொடரின் தமிழ்க் குரற்பதிவை நானும் ஒரு மாலை கேட்டேன். கொரியரிடம் முறைப்பெயர்கள் மிக நுட்பமானவை. அண்ணனைத் தங்கை அழைக்கும் சொல் வேறு. தம்பி அழைக்கும் சொல் வேறு. அக்காவுக்கும் அவ்வாறே. மூத்தோரைப் பெயர் சொல்லி விளிக்கும் வழக்கம் நம்மிடம் போலவே அவரிடமும் இல்லை. தமிழில் பெயர்ப்போர்க்கு இதனினும் எளிது உண்டோ? அண்ணா, அக்கா, ஐயா, அம்மா எல்லாம் அணியமாக நிற்கின்றன. நான் கேட்ட பகுதியிலோ தங்கை தமையனைப் ‘பிரதர்’ என்கிறாள். இளையவன் முதியவரிடம் ‘சாரி சார்’ என்கிறான். கொரியத்திலிருந்து நேரே வாராமல் ஆங்கிலம் வழியே வந்ததன் பயன் இது. இடையில் ஒரு சுங்கச்சாவடி. அங்கே முறைப்பெயர்களைப் பறித்துக்கொண்டு அனுப்பிவிடுகின்றனர். கண்டிக்க வேண்டியது அம்மாணவியையா, இத்தமிழைப் பதிவுசெய்து விற்பவரையா?

பிறநாட்டுக் கதை வருவதே தீங்கு என்பதும் பொருந்தாது. என் அகவையினர் இளமையில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்சைப் பாயின்கீழ் ஒளித்துவைத்துப் படித்தவர்கள். 1972இல் அதன் முதலிதழில் வந்த இரும்புக்கை மாயாவி ஆங்கில நாட்டவன்; எங்களிடம் தமிழில்தான் பேசினான். 2024இல் நோபல் பரிசு பெற்ற கொரிய எழுத்தாளர் ஆன் காங்கின் புதினமொன்று ‘மரக்கறி’ என்னும் பெயரில் தமிழில் வந்துள்ளது. பள்ளிச் சிறார்க்குரியதன்று அது. ஆயினும் ஈழத்தமிழர் நாவில் வாழும் அந்நற்சொல்லைத் தலைப்பாக்கியவரைப் பாராட்ட வேண்டும்.

முன்னோர் வழியை மறந்தோம் என்பதே என் குறை. தமிழிசைக்காக எழுந்த பெரியோர் தெலுங்குப் பாடல்களைப் பழித்ததோடு நின்றாரில்லை. 1941இல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டினர். 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் கண்டனர். பழம்பாடல்களைத் தேடித் தொகுத்து, இசைக்குறிப்புடன் அச்சிட்டு, நல்ல பாடகரைக் கொண்டு மேடையில் பாடச் செய்தனர். செவிக்கு விருந்து படைத்து வென்றனர். நம் காலத்திலும் 2006இல் தொடங்கப்பட்ட மக்கள் தொலைக்காட்சியில் ‘தமிழ் பேசு தங்கக் காசு’ என்னும் விளையாட்டு வந்தது. பிறமொழிச் சொல் கலவாமல் பேச முயன்று தடுமாறியவரைக் கண்டு வீடே சிரித்தது. சிரித்துக்கொண்டே தானும் முயன்றது. அவ்வாண்டிலேயே தமிழ்ப் பெயர் சூட்டிய திரைப்படங்கட்கு அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. பெயர்ப்பலகை தமிழாயிற்று, உள்ளே உரையாடல் பழையபடியே இருந்தது. ஆணைக்கும் விருந்துக்கும் உள்ள வேறுபாடு இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்.

எனவே இதழாசிரியர்க்கும் அன்பர்க்கும் இரு வேண்டுகோள். நம் இதழில் கண்டனக் கட்டுரைகட்கு இடம் தாராளமாக உள்ளது. என் கட்டுரையும் அதில் ஒன்றே. அவ்விடத்தில் நான்கு பக்கங்களை வளரிளம் அகவையினர்க்கான தொடர்கதைக்கு ஒதுக்குக. பாவாணர் சொல்வேட்டையையே முதற்கதையாக்கலாம்; அறிவுரை ஒரு வரியும் வேண்டா. அடுத்து, சென்னையில் இன்கோ நடுவத்தில் கொரிய மொழி கற்பிக்கப்படுகிறது. அம்மொழியை நேரே அறிந்த தமிழிளைஞர் இன்று உளர். அவருள் ஒருவரைக் கண்டறிந்து, ‘மல்மோயி’யின் உரையாடலை ஆங்கிலத்தின் இடையீடின்றி நல்ல தமிழில் பெயர்க்கச் செய்தல் வேண்டும். படத்தின் உரிமையாளரிடம் இசைவு பெறுவதற்கான மடலை எழுதவும், முதற்படியைச் சரிபார்க்கவும் நான் அணியமாயிருக்கிறேன். முறைப்பெயர்களைச் சரிபார்க்கும் பணிக்கு அம்மாணவி இப்போதே தன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.